7 கிலோ பை, மூன்று கிழமை, தனியாக: மலேசியா – தாய்லாந்துக்கு என்ன கட்டுவது?

மஸ்கெலியா மழை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் பாடசாலை லீவுக்குத் தனியாக மூன்று கிழமை வெளிநாடு போகலாம் என்று இருக்கிறேன். கோலாலம்பூரில் இறங்கி, பினாங்கு, அங்கிருந்து ரயிலில் எல்லை கடந்து ஹட்யாய், பிறகு பேங்கொக், கடைசியில் சியாங் மாய். திரும்பவும் கோலாலம்பூர் வந்து அங்கிருந்தே கொழும்புக்கு ஏறுவதாக யோசனை. நாட்டை விட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை.

டிக்கட் தவிர நாளுக்கு 30 டொலருக்குள் முடிக்கணும். எயார் ஏசியாவில் செக்-இன் பைக்குக் காசு கட்டாமல் 7 கிலோவுக்குள் எல்லாவற்றையும் அடக்கணும். என்னிடம் இருக்கும் பை 50 லீட்டர், வெறும் பையே 1.9 கிலோ. அதையே கொண்டு போகலாமா, புதுசு வாங்கணுமா?

இங்கே மஸ்கெலியா மலையில் காலையில் ஜேர்சி இல்லாமல் வெளியே போக முடியாது, அங்கே 33 பாகை என்கிறார்கள். உடுப்பு எத்தனை சோடி? பயணத்துக்கு நடுவில் மாதவிடாய் வரும், அதற்கு எவ்வளவு கொண்டு போவது? பாஸ்போட், காசு எல்லாம் எங்கே வைப்பது? தனியாகப் போகும் பொம்பளைப் பிள்ளை என்றால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள் என்றும் பயமுறுத்துகிறார்கள். அம்மா வேறு சீனிச் சம்பல், கருவாடு எல்லாம் கட்டித் தரப் போவதாகச் சொல்லுறா. விவரம் தெரிந்த அக்காமார் சொல்லுங்க.


ஊவாக் காற்று எழுதியது:

தங்கச்சி, பையிலிருந்தே தொடங்குவோம். 1.9 கிலோ பை வேண்டாம். எயார் ஏசியாவின் 7 கிலோ என்பது ஒரு பையின் எடை அல்ல. கையில் கொண்டு போகும் இரண்டு உருப்படிக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பெரியது 56 × 36 × 23 செ.மீ.க்குள், சின்னது 40 × 30 × 10 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் பையைக் கொண்டு போனால் மிச்சம் 5.1 கிலோதான், 50 லீட்டர் உயரத்துக்கு அளவிலும் இடிக்கும். 30 முதல் 32 லீட்டர், வெறும் எடை 1 கிலோவுக்குப் பக்கத்தில் உள்ள பை தேடுங்கள். 40 லீட்டர் பையும் அந்த அளவுக்குள் அடங்கும். ஆனால் இடம் இருந்தால் கை தானாக இன்னொரு சட்டையை உள்ளே வைக்கும், 7 கிலோ தாண்டும்.

கடையில் லீட்டரைப் பார்க்கும் முன் உங்கள் முதுகின் நீளத்தை அளவுநாடாவால் எடுத்துக்கொள்ளுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு முட்டும். அங்கிருந்து இரண்டு இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் இணைக்கும் கோடு வரைக்கும் உள்ள தூரம்தான் அது. கடைகளில் தொங்கும் பல பைகள் ஆண்களின் முதுகுக்குத் தைத்தவை. உயரம் குறைந்த பெண் போட்டால் இடுப்புப் பட்டி தொடைக்கு மேல் போய் நிற்கும், பாரம் முழுக்கத் தோளில் ஏறும். இடுப்புப் பட்டி இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். நெஞ்சுப் பட்டியை மேலும் கீழும் நகர்த்த முடிகிறதா என்றும் பாருங்கள். மார்புக்கு மேலே நிற்க வேண்டும், குறுக்கே அழுத்தக் கூடாது. கடையில் 5 கிலோ எடை போட்டுத் தரச் சொல்லி பத்து நிமிடம் தோளில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். பெட்டி மாதிரி மூன்று பக்கமும் சிப் திறக்கும் பை நல்லது. மேல்வாய் மட்டும் உள்ள பையில் அடியில் இருக்கும் ஒரு சொக்ஸுக்காக, பத்துப் பேர் தூங்கும் விடுதி அறையில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டி வரும்.

இனி உடுப்பு. எத்தனை சோடி என்று கேட்காதீர்கள், ஒரு சட்டை எத்தனை மணித்தியாலத்தில் காயும் என்று கேளுங்கள். இரவில் துவைத்தது காலையில் காய்ந்தால் மூன்று சட்டை மூன்று மாதத்துக்கும் போதும். காயாவிட்டால் பத்துச் சட்டையும் போதாது. மலையில் இருக்கும் நமக்கு இதைச் சோதிக்க நல்ல வசதி உண்டு. கொண்டு போக நினைக்கும் ஒவ்வொன்றையும் ஒரு மழை நாளில் மாலை 7 மணிக்குத் துவைத்து, பிழிந்து, வீட்டுக்குள் அடுப்படிக்குத் தூரமாகக் கொடியில் போடுங்கள். மறுநாள் மதியத்துக்குள் மஸ்கெலியாவில் காய்ந்தால் பேங்கொக் மின்விசிறிக்குக் கீழே விடியும் முன் காயும். மறுநாள் மாலையும் ஈரமாக இருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்தச் சோதனையில் தோற்பவை பெரும்பாலும் டெனிம், தடித்த பருத்தி டீ-சேர்ட், லெகின்ஸ், பஞ்சு வைத்த பிரா. டெனிம் ஒன்று காய்ந்த நிலையிலேயே 600 கிராமுக்கு மேல் வரும். ரேயோன் கையில் பிடிக்க மெல்லியதாக இருந்தாலும் நனைந்தால் பாறை மாதிரி கனக்கும், நீளும். பொலியெஸ்டர், நைலோன், அல்லது பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த மெல்லிய துணி தேறும். பொலியெஸ்டரில் வியர்வை வாடை சீக்கிரம் ஏறும் என்பதால் ஒவ்வொரு நாளும் அலச வேண்டும், அது ஒன்றுதான் அதன் குறை.

வாங்க வேண்டுமானால் நுவரெலியா பேல் பஸாருக்குப் போங்கள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்பு அங்கே குவிந்து கிடக்கிறது. உள்பக்க லேபலில் எந்தத் துணி எத்தனை வீதம் என்று வாசித்து எடுங்கள். சிப்பை மேலும் கீழும் ஐந்து தடவை இழுத்துப் பாருங்கள். மழை ஜக்கெட் என்றால் உள்ளே தையலின் மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நாடா இல்லாவிட்டால் தையல் ஓட்டை வழியே தண்ணீர் வரும்.

எடையை நான் இப்படிப் பிரிப்பேன். பை 1,000 கிராம், சின்னத் தோள்பை 150. உடம்பில் ஒன்று போக, பைக்குள் மேல்சட்டை இரண்டு 300, நீளக் காற்சட்டை ஒன்று 250, படுக்கவும் குளிக்கவும் ஒரு சீத்தைத் துணி 250. உள்ளாடை நான்கு 120, பிரா ஒன்று 80, சொக்ஸ் ஒரு சோடி 40. ரப்பர் சிலிப்பர் 300. மெல்லிய துவாய் 150. குளியல் சாமான் 500. மருந்து 150. மாதவிடாய்ச் சாமான் 100. சார்ஜரும் வயரும் 120, 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 220. பத்திரங்கள் 150, குடை 250, பூட்டு 60, கொடிக்கயிறு 30. மொத்தம் 4,220 கிராம். மிச்சம் 2.8 கிலோவை நிரப்பாமல் விடுங்கள். சாப்பாடு, அங்கே வாங்கும் சாமான், திரும்பி வரும்போது வீட்டுக்குக் கொண்டு வருவது எல்லாம் அதில்தான் வரணும்.

சப்பாத்து, ஜக்கெட், கனமான காற்சட்டை மூன்றையும் உடம்பில் போட்டுக்கொண்டு போங்கள். மஸ்கெலியாவிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் இறங்கும்போது எப்படியும் அவை தேவைதான். ஜேர்சி ஒன்றே ஒன்று போதும், இரண்டாவது வேண்டாம். குளிருக்குப் பழகிய நாங்கள் குளிரை எண்ணி அதிகம் கட்டுகிறோம். அங்கே குளிர் என்றால் இரவு ரயிலிலும் நீண்ட தூர பஸ்ஸிலும் போடும் ஏசிதான், பிறகு டிசம்பரில் சியாங் மாயின் இரவு. அது 15 பாகை அளவுக்கு இறங்கும், அவ்வளவுதான்.

நிறுத்துப் பார்க்கத் தராசு வாங்கத் தேவையில்லை. பக்கத்து மரக்கறிக் கடைத் தராசில் வைத்துக் கேளுங்கள். விமான நிலையத்தில் எடை கூடினால் கட்ட வேண்டிய தொகை, முன்கூட்டியே இணையத்தில் வாங்கும் பைக் கட்டணத்தைவிட அதிகம்.


பதுளை மல்லிகை எழுதியது:

அக்கா சொன்ன கணக்கு சரியா இருக்கு. குடையை மட்டும் நான் வெட்டுவேன். உடம்பில் போட்டுப் போகும் ஜக்கெட் தண்ணீர் உள்ளே விடாததாக இருந்தால் குடை தேவையில்லை, 250 கிராம் மிச்சம். பைக்கு மழை உறையும் வேண்டாம். உறை முன்பக்கத்தைத்தான் மூடும், முதுகுப் பக்கமும் தோள்பட்டியும் நனைந்து அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். தடித்த குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிச் செருகுங்க. விலையும் இல்லை, எடையும் இல்லை.

குடையை வெட்டிய இடத்தில் பருத்தி ஷால் ஒன்று போடுங்க, சல்வாருக்குப் போடுவோமே அதுதான். பேங்கொக் அரச மாளிகைக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், அதற்கு ஆகும். கோலாலம்பூர்ப் பத்து மலை முருகன் கோயிலில் 272 படி ஏறும்போது தலைக்கு ஆகும். விடுதியில் கீழ்க்கட்டில் கிடைத்தால் மேல்கட்டில் விளிம்பில் செருகித் தொங்கவிட்டால் திரை. ரயிலில் போர்வை.

இனி மாதவிடாய். மூன்று கிழமை முழுவதுக்கும் பேட் சுமக்க வேண்டாம். தாய்லாந்தில் செவன்-இலெவன் கடை தெருவுக்குத் தெரு உண்டு, பகல், இரவு இரண்டு நீளத்திலும் பேட் விற்கும். மலேசியாவிலும் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குக் காணும் அளவு, எட்டுப் பேட் எடுங்க. கடை உறையைக் கழற்றி, அவற்றை உடுப்புக்கு நடுவில் தட்டையாக வைங்க. பேட்டுக்கு எடை இல்லை, அது அடைக்கும் இடம்தான் பிரச்சினை. ரயில் நாளில் தேவைப்பட்டால் எட்டிப் பிடிக்க இரண்டு பேட் மட்டும் சின்னத் தோள்பையில்.

மாதவிடாய்க் கப் பாவித்துப் பழக்கம் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் பயணத்துக்காகப் புதிதாகத் தொடங்குவதானால் இப்போதே தொடங்குங்க. சரியாக விரிகிறதா, ஒழுகாமல் நிற்கிறதா என்று கை பழக இரண்டு மூன்று மாதம் எடுக்கும். முதல் தடவை அதை ஓடும் ரயில் கக்கூசில் செய்து பார்க்கக் கூடாது. எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, கூடியது பன்னிரண்டு மணித்தியாலத்தில், வெறுமையாக்கணும். கழுவுவதற்குப் போத்தல் தண்ணீர் அரை லீட்டர் உள்ளே கொண்டு போங்க. மாதவிடாய் முடிந்ததும் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கணும். விடுதியின் பொதுக் கேத்தலுக்குள் போடாதீங்க. நாலு பேர் தேத்தண்ணி போடும் கேத்தல் அது. மூடியுள்ள ஒரு சின்ன எவர்சில்வர் குவளை கொண்டு போனால் அடுப்பு உள்ள விடுதியில் அதில் கொதிக்க வைக்கலாம். அடுப்பில்லாவிட்டால் நன்றாகக் கழுவிக் காயவைத்து, வீட்டுக்கு வந்து கொதிக்க வைத்தே அடுத்த மாதம் பாவிங்க.

மாதவிடாய் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டுத் தானாக வாங்கிக் குடிக்க வேண்டாம். இரத்தம் உறையும் பிரச்சினை, கடும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது ஆகாது. வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே டொக்டரிடம் கேளுங்க.

மலைநாட்டுப் பிள்ளைகள் எதிர்பார்க்காத ஒன்று, தொடை உரசிப் புண்ணாவது. இங்கே குளிரில் எவ்வளவு நடந்தாலும் வராது. அங்கே 33 பாகையில் வியர்வையோடு பத்துக் கிலோமீற்றர் நடந்தால் முதல் நாளே தோல் உரிந்துவிடும், பிறகு மூன்று நாள் நடை இல்லை. பாவாடைக்கு உள்ளே தொடை வரைக்கும் வரும் மெல்லிய காற்சட்டை போடுங்க. காலையில் உரசும் இடத்தில் வஸலீன் பூசுங்க. இரவில் கழுவி, காய்ந்த பிறகு படுங்க. தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் பஸ்ஸில் சிரமம் இல்லை என்று நினைக்க வேண்டாம். சிறுநீர் எரிச்சல் வந்தால் அந்தப் பயணமே கெடும். நல்ல விசயம், இரண்டு நாட்டிலும் கக்கூசில் தண்ணீர்க் குழாய் கையோடு இருக்கும். கடதாசியைத் தாய்லாந்தில் உள்ளே போடாமல் பக்கத்துக் கூடையில் போடணும், பேட்டும் அப்படித்தான், சுற்றி மடித்து.

மருந்தில் பரசிட்டமோல் ஒரு அட்டை, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள்) மூன்று பக்கெட், பிளாஸ்டர், வாந்திக்கு ஒரு அட்டை. சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊருக்குப் போக ஆசைப்பட்டால் அந்த வீதியில் 762 வளைவு. நம் கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி வராதவர்களுக்கும் அந்த வேனின் வேகத்தில் வரும். புறப்பட அரை மணித்தியாலத்துக்கு முன் மாத்திரை போடணும், வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பலனில்லை. தொடர்ந்து குடிக்கும் மருந்து ஏதாவது இருந்தால் அட்டையை வெட்டாமல், டொக்டரின் துண்டோடு கொண்டு போங்க. நித்திரை மாத்திரை, கடும் வலி மாத்திரை, சில தடிமன் மாத்திரை எல்லாம் அங்கே கட்டுப்பாடு.


மஸ்கெலியா மழை எழுதியது:

நன்றி அக்கா இரண்டு பேருக்கும். தொடை விசயம் யாருமே சொன்னதில்லை. தலைமுடி நீளம், தேங்காய் எண்ணெய் இல்லாமல் முடியாது. 100 மில்லிக்குள் என்றால் பிரச்சினை இல்லைதானே? சாப்பாட்டைப் பற்றியும் சொல்லுங்க, அம்மாவைச் சமாளிக்கணும்.


ஹப்புத்தளை மூடுபனி எழுதியது:

எண்ணெய்: தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறையும். உங்கள் வீட்டில் டிசம்பர் காலையில் அது கட்டியாகத்தான் இருக்கும். கட்டியாகக் கரண்டியால் அடைத்து மூடினால் ஒழுகவே மாட்டாது என்று தோன்றும். கட்டுநாயக்கவுக்கு இறங்கும்போதே உருகிவிடும், விமானம் மேலே போனதும் போத்தலுக்குள் இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். அதனால் உருக்கியே ஊற்றுங்கள், முக்கால் போத்தல் மட்டும். மூடியைத் திறந்து, வாயின் மேல் மெல்லிய பொலித்தீன் துண்டு ஒன்றை வைத்து அதன் மேல் மூடியை இறுக்குங்கள். 50 மில்லி போத்தல் போதும். கட்டியாக இருந்தாலும் பாதுகாப்புச் சோதனையில் அது திரவக் கணக்குத்தான். எல்லாத் திரவமும் 100 மில்லிக்குள் உள்ள போத்தல்களில், மொத்தமாக ஒரு லீட்டர் தெளிந்த பையில். போத்தலின் அளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லிப் போத்தலில் கால்வாசி இருந்தாலும் குப்பைக்குத்தான்.

ஷாம்பு, உடுப்புத் துவைக்கும் திரவம் இரண்டையும் விட்டுவிட்டு சவர்க்காரக் கட்டியாகக் கொண்டு போனால் அந்தப் பையில் இடம் மிஞ்சும். சன்லைட் கட்டி ஒன்றை மூன்றாக வெட்டி ஒரு துண்டு எடுங்கள், மூன்று கிழமைக்குக் காணும். துவைத்த சட்டையைத் துவாயின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, அதன் மேல் முழங்காலால் அழுத்திப் பிறகு கொடியில் போடுங்கள். நிறைய ஈரம் துவாய்க்குப் போய்விடும், காயும் நேரம் குறையும்.

சாப்பாடு: சீனிச் சம்பல், லுணுமிரிஸ், அச்சாறு, மாசி போட்ட சம்பல் எல்லாம் சோதனையில் பசை வகை, அதுவும் திரவக் கணக்குத்தான். 100 மில்லிக்கு மேல் உள்ள போத்தலை எடுத்துவிடுவார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், மனம் நோகாமல் விளங்கும். கருவாடு வேண்டாம், எத்தனை பொலித்தீன் சுற்றினாலும் வாடை உடுப்பில் ஏறும். இறைச்சி, பழம், செடி, விதை எதுவும் எல்லையில் தொந்தரவு. அம்மா கட்டித் தரக்கூடியது: தேயிலைத் தூள் 100 கிராம், மிளகாய்த்தூளும் உப்பும் கலந்தது 50 கிராம், முதல் நாள் பயணத்துக்குத் தேங்காய் ரொட்டி இரண்டு. பினாங்கிலும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை நிறைய, தமிழிலேயே கேட்டு வாங்கலாம். தாய்லாந்தில் மரக்கறி மட்டும் என்றால் ‘ஜே’ என்று சொல்லுங்கள், மஞ்சள் நிறப் பலகையில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகள் அவை. சும்மா மரக்கறி என்று கேட்டால் மீன் சாறு ஊற்றித் தருவார்கள்.

ஊவாக் காற்று அக்காவின் பட்டியலில் பவர் பேங்க் பற்றி ஒரு சொல் சேர்க்கிறேன். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வோட்-அவர், வரம்பு 100, அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் அளவு அச்சிடாத, அழிந்துபோன பவர் பேங்கைப் பறித்துவிடலாம். விமானத்துக்குள் அதை எயார் ஏசியா பாவிக்க விடுவதில்லை, போனை முன்பே சார்ஜ் பண்ணிக்கொள்ளுங்கள். ப்ளக் பற்றி: மலேசியாவில் நம் சதுர மூன்று முள் ப்ளக் அப்படியே பொருந்தும். தாய்லாந்தில் பொருந்தாது, உருண்டை இரண்டு முள் சார்ஜர் பொருந்தும். ஆகவே இரண்டு முள் சார்ஜரும், மலேசியாவுக்கு ஒரு சின்ன மாற்றியும்.


கண்டி வீதி எழுதியது:

உடுப்பை விட உங்கள் டிக்கட் யோசனைதான் எனக்குக் கவலை. திரும்பவும் கோலாலம்பூர் வராதீர்கள். இலங்கைப் பாஸ்போட்டுக்கு மலேசிய விசா முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். ஒரு தடவை நுழையும் விசா என்றால் எல்லை ரயில் நிலையமான பாடாங் பெசாரில் தாய்லாந்துக்குள் கால் வைத்ததும் அது முடிந்துவிடும். திரும்பி நுழைய இன்னொன்று வேண்டும். கொழும்பு – கோலாலம்பூர் ஒரு டிக்கட், பேங்கொக் – கொழும்பு ஒரு டிக்கட் என்று எடுங்கள். எயார் ஏசியா பேங்கொக்கில் பெரும்பாலும் டொன் முவாங் விமான நிலையத்தில் இருந்துதான் பறக்கும், டிக்கட்டைப் பார்க்காமல் சுவர்ணபூமி விமான நிலையத்தில் போய் நிற்காதீர்கள்.

2024 ஜூலையில் தாய்லாந்து 93 நாட்டவருக்கு 60 நாள் விசா விலக்குக் கொடுத்தபோது இலங்கையும் அதில் இருந்தது. இவை மாறக்கூடியவை. டிக்கட்டுக்குக் காசு கட்டும் அன்றே தூதரகத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு நாட்டுக்கும் இணைய வருகை அட்டை நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள். இரண்டும் இலவசம். காசு கேட்கும் தளம் போலி. பாஸ்போட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

கட்டுநாயக்கவில் ஏன் கேட்கிறார்கள் என்றால், சுற்றுலா என்று சொல்லி வேலைக்குப் போகிறவர்களைத் தடுக்கத்தான். வேலைக்குப் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும். திரும்பி வருவீர்கள் என்று காட்டும் கடதாசிகளைக் கையில் வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. திரும்பும் டிக்கட், முதல் சில இரவுகளின் விடுதிப் பதிவு, கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், ஆசிரியராக இருந்தால் வெளிநாட்டு விடுமுறை அனுமதிக் கடிதம். அந்த அனுமதி அரசாங்க ஊழியருக்கு எப்படியும் கட்டாயம். வலயக் கல்விக் காரியாலயத்தில் கடிதம் மேசை மேசையாக நகரும், ஆகவே இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுங்கள். எல்லாம் அச்சடித்துக் கையில் இருக்க வேண்டும். போன் பற்றரி இறங்கினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். கேட்டால் போகும் ஊர்களைப் பெயர் சொல்லி, நாள் சொல்லி, நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

காசு. டொலரை இங்கேயே வங்கியில் அல்லது அனுமதி பெற்ற மாற்றுநரிடம் பாஸ்போட், டிக்கட் காட்டி வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பும் கிழிசலும் மை அடையாளமும் இல்லாத தாள்களாகக் கேளுங்கள். தாய்லாந்தில் 100, 50 டொலர்த் தாளுக்குச் சின்னத் தாளைவிட நல்ல விலை. ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவைக்கும் 220 பாத் அல்லது அதற்கு மேல் வெட்டுவார்கள். உங்கள் நாளாந்தக் கணக்கே ஏறத்தாழ 1,000 பாத்தானே. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் ஒரு நாள் சாப்பாடு அதிலேயே போகும். ஒரு கிழமைக்கு ஒரு தடவை எடுங்கள். திரையில் ரூபாயில் கணக்கிடவா என்று கேட்கும், வேண்டாம் என்று பாத்தையே தெரிவு செய்யுங்கள். ரூபாயைத் தொட்டால் மோசமான மாற்று விலை. புறப்படும் முன் டெபிட் கார்ட்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறக்கச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். இலங்கை சிம்மில் ரோமிங்கைத் திறந்து வையுங்கள். வங்கியின் இரகசிய இலக்கக் குறுஞ்செய்தி அதற்குத்தான் வரும்.

பாஸ்போட்டுக்குக் கழுத்தில் தொங்கும் பை வாங்க வேண்டாம், சட்டைக்கு மேலே கயிறு தெரியும், இங்கே இருக்கிறது என்று ஊருக்கே சொல்லும். தையல் கடையில் கொடுத்து இரண்டு காற்சட்டையிலும் இடுப்புக்கு உள்பக்கமாக, முன்னால், சிப் வைத்த பொக்கட் தைக்கச் சொல்லுங்கள். பாஸ்போட் 12.5 × 8.8 செ.மீ., ஆகவே பொக்கட் 14 × 10 செ.மீ. வியர்வை ஊறும் என்பதால் பாஸ்போட்டைச் சிப் பொலித்தீனில் போட்டே வையுங்கள். ஒரு கார்ட்டும் 100 டொலரும் உடம்பில், மற்றக் கார்ட்டும் மிச்சமும் பைக்குள். இரண்டும் ஒரே இடத்தில் ஒருபோதும் வேண்டாம். தங்கச் சங்கிலி, தோடு எல்லாம் வீட்டில்.

ரயில். பினாங்கில் இருந்து ஃபெரிப் படகில் பட்டர்வொர்த், அங்கிருந்து கொம்யூட்டர் ரயிலில் பாடாங் பெசார், ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். இரண்டு நாட்டுக் குடிவரவும் அந்த ஒரே ரயில் நிலையத்துக்குள். ஹட்யாய்க்குப் போகும் சின்ன ரயில் நாளுக்கு இரண்டே. தாய்லாந்து மலேசியாவுக்கு ஒரு மணித்தியாலம் பின்னால், ஆகவே டிக்கட்டில் எந்த நாட்டு நேரம் என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள். பாடாங் பெசாரில் இருந்தே 46ஆம் இலக்க இரவு ரயில் நேரே பேங்கொக் போகிறது. நவம்பர் கடைசி, டிசம்பரில் ஹட்யாய்ப் பக்கம் வெள்ளம் வரும் காலம், புறப்படும் முன் செய்தி பாருங்கள். பாதை மூடினால் பினாங்கிலிருந்தே விமானம் தேட அந்த 100 டொலர் உதவும்.

இரவு ரயிலில் கீழ்ப்படுக்கை அகலம், விலை கூட. மேல்ப்படுக்கை ஒடுக்கம், விளக்கு முகத்துக்கு நேரே. பேங்கொக் – சியாங் மாய் 9ஆம், 10ஆம் இலக்க ரயில்களில் பெண்களுக்கும் சிறுவருக்கும் மட்டுமான பெட்டி உண்டு. பதியும்போதே அந்தப் பெட்டியைக் கேளுங்கள், டிசம்பரில் சீக்கிரம் நிறையும். தாய்லாந்தில் சுற்றுலாப் பொலிஸ் 1155, மலேசியாவில் அவசரம் 999. இரண்டையும் போனில் மட்டுமல்ல, கடதாசியிலும் எழுதி வையுங்கள்.


ஊவாக் காற்று எழுதியது:

கண்டி வீதி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விமானத்துக்கு முதல் நாள் பகலிலேயே மலையை விட்டு இறங்கிவிடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையக ரயில் பாதையும் வீதிகளும் பல இடங்களில் அறுந்தன. அவ்வளவு பெரிய மழை இல்லாவிட்டாலும் கினிகத்தேனை – கித்துல்கல பக்கம் ஒரு மண்சரிவு போதும், ஒரு டிக்கட் வீணாகும். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டவாரியாக வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நாளுக்கு முன்பிருந்தே பாருங்கள். நுவரெலியா மாவட்டத்துக்குச் செம்மஞ்சள் நிறம் போட்டால் அன்றே புறப்படுங்கள். இரவு நீர்கொழும்பில் தங்கினால் விமான நிலையம் பக்கம். கொழும்பில் தங்கினால் கோட்டையில் இருந்து 187 பஸ் கட்டுநாயக்கவுக்குப் போகும்.

எப்படிப்பட்ட பூட்டு என்று யாரும் சொல்லவில்லை. விடுதி லொக்கருக்குப் பூட்டு நீங்கள்தான் கொண்டு போக வேண்டும், அங்கே வாடகைக்குக் காசு கேட்பார்கள். வளையம் 5 மி.மீ. தடிப்புக்கு மேல் போனால் பல லொக்கர் ஓட்டைக்குள் போகாது, ஆகவே 4 முதல் 5 மி.மீ.க்குள் எடுங்கள். சாவி இல்லாமல் இலக்கம் போடும் பூட்டாக வாங்குங்கள், சாவி குளியலறையில் மறந்து போகும். பெண்கள் மட்டும் தங்கும் அறை பதியும்போது, இரவு எத்தனை மணி வரைக்கும் வரவேற்பில் ஆள் இருக்கும் என்று எழுதிக் கேளுங்கள். உங்கள் ரயில் இரவு வந்து சேர்ந்தால் அந்த நேரம்தான் அறையைவிட முக்கியம்.